ராஜா கொடுத்த பெட்டி

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் லெக் ஆர்மோனியத்துக்கு ஒரு ஸ்தல புராணம் உண்டு. கொள்ளுத்தாத்தா தசராவில் பாடினார், மைசூர் மகாராஜா மெய்மறந்தார், பொற்கிழிக்குப் பதிலாகப் பெட்டியையே தூக்கிக் கொடுத்துவிட்டார். கொள்ளுத்தாத்தா பாடி யாருமே கேட்டதில்லையே என்று ஓர் அத்தை மட்டும் கேட்பார். அவருக்கு எங்கள் வீட்டில் காபி தாமதமாகத்தான் வரும்.

பெட்டியின் முகப்பில் 'எஸ்டி, பிராட்டில்பரோ' என்று பொன்னெழுத்து. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து ஊர். அந்தக் கம்பெனி நூறு வருஷத்துக்கு மேல் கடை நடத்தி, ஐந்து லட்சம் ஆர்கன்களுக்கு மேல் செய்து தள்ளியது. ராஜ சன்மானத்துக்கு இது கொஞ்சம் மலிவான எண்ணிக்கை. கட்டைகளுக்கு மேலே இழுப்புக் குமிழ்கள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றில் 'வாக்ஸ் ஹுமானா', அதாவது மனிதக் குரல், என்று எழுதியிருக்கிறது. இழுத்தால் உள்ளே ஒரு சின்ன விசிறி சுழன்று நாதம் நடுங்கும். ஜலதோஷம் பிடித்த பாகவதர் மங்களம் பாடுகிற மாதிரி இருக்கும்.

இதன் வம்சம் ராஜ வம்சத்தைவிடப் பழசு. காற்றுப் பட்டால் துடிக்கும் சின்னத் தகட்டு நாக்கை வைத்துச் சீனர்கள் ஆதிகாலத்திலேயே 'ஷெங்' ஊதினார்கள். ஐரோப்பாவுக்கு இந்த ஞானம் வரத் தாமதமானது. வந்ததும் பேச்சுப் போட்டியில் இறக்கிவிட்டார்கள். 1780-ல் கிராட்ஸன்ஸ்டைன் என்ற கோபன்ஹேகன் பேராசிரியர், நாக்குத் தகடுகளை வைத்து ஆ, ஏ, ஈ, ஓ, ஊ சொல்லும் குழாய்களைச் செய்து ரஷ்ய அகாதமியின் பரிசைத் தட்டிக்கொண்டு போனார். 1840களில் பாரிஸில் தெபேன் என்பவர் பெட்டி செய்து 'ஆர்மோனியம்' என்ற பெயரையும் பூட்டி வைத்துக்கொண்டார். மற்றவர்கள் வேறு பெயர் தேடி அலைந்தார்கள். பிரெஞ்சுப் பெட்டி காற்றை வெளியே தள்ளும்; அமெரிக்கப் பெட்டி உள்ளே இழுக்கும். எங்களுடையது இழுக்கிற ஜாதி. கூடத்துத் தூசியை எல்லாம் அதுதான் இழுத்து வைத்திருக்கிறது.

அமெரிக்கக் கம்பெனிகள் சில 1880களில் 'எலி புகாத மிதி' என்று விளம்பரம் செய்தன. அது அமெரிக்க எலி. நம்மூர்ப் பெருச்சாளி விளம்பரம் படிப்பதில்லை. பின்பலகையைக் கழற்றியபோது துருத்தித் துணியில் பெருச்சாளி குடித்தனம் நடத்திய தடயங்களோடு, நாலாக மடித்த ஏலச் சீட்டு ஒன்றும் கிடைத்தது. பென்சில் எழுத்து பாதி கரைந்திருந்தாலும் 'கன்டோன்மென்ட்' தெளிவாக இருந்தது.

அப்புறம் எல்லாம் பிடிபட்டது. 1947-க்குப் பிறகு கன்டோன்மென்ட்டிலிருந்து இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பியானோவையும் ஆர்கனையும் தலையில் தூக்கிக்கொண்டு போகவில்லை. தாத்தா வேலை பார்த்தது மல்லேஸ்வரம் ராஜா மில்லில். இன்று மந்திரி மால் நிற்கிற இடம். 'ராஜா மில் போனஸில் எடுத்தது' என்று அவர் சொன்னதில் முதலில் போனஸ் உதிர்ந்தது, பிறகு மில் உதிர்ந்தது, ராஜா மட்டும் மிஞ்சினார். சீட்டைக் காட்டியபோது பெரியப்பா கண்ணாடியைக்கூடத் தேடவில்லை. "மில்லுக்கு யார் பேருடா வச்சாங்க?" என்றார்.

ராஜா கொடுத்தாரோ இல்லையோ, பெரிய மனிதர்கள் கொடுத்த வசவு நிஜம். பாரதியார் ஆர்மோனியத்தை விளாசினார். ஆனந்த குமாரசாமியும் விடவில்லை. ஆல் இண்டியா ரேடியோவில் மேற்கத்திய சங்கீதத்தைப் பார்த்துக்கொண்ட ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கிலேயர், இது இந்திய சங்கீதத்துக்கு ஆகாது என்று எழுதினார். வெள்ளைக்காரன் ஊர்ச் சரக்கை வெள்ளைக்காரனே வேண்டாம் என்றான்! 1940 மார்ச் 1 முதல் ரேடியோவில் தடை. தாகூரும் ஆதரித்தார்; அவருடைய அண்ணன் துவிஜேந்திரநாத்தான் அதை வங்காள நாடகத்துக்கு முதலில் கொண்டுவந்தவர் என்பார்கள். வீட்டுக்கு வீடு இப்படி ஓர் அண்ணன் இருக்கத்தான் செய்கிறார். தடை தளர 1971 ஆயிற்று.

குற்றச்சாட்டு பொய்யல்ல. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இதற்கு வழி கிடையாது. கமகம் கேட்டால் முழிக்கும். ஆனால் மைக் இல்லாத காலத்தில் கடைசி பெஞ்சுக்காரனுக்குச் சுருதி கேட்க வேண்டாமா? தமிழ் நாடக மேடையில் கிட்டப்பா பாட, அவருடைய அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியத்தில் உட்கார்ந்தார். இங்கே கன்னடக் கம்பெனி நாடகங்களிலும் லெக் ஆர்மோனியம்தான் கொடிகட்டிப் பறந்தது. கல்கத்தாவில் 1875-ல் டுவார்க்கின் கம்பெனியைத் தொடங்கிய துவாரகநாத் கோஷ், நம் ஆள் சம்மணம் போட்டுத்தான் உட்காருவான் என்று கண்டுகொண்டு, காலை எடுத்துவிட்டுக் கைப்பெட்டியாக்கினார். அத்தோடு தெருவுக்குத் தெரு பஜனை கோஷ்டி முளைத்தது.

ஆர்மோனியத்தைத் தொடமாட்டேன் என்கிற வித்வானிடம் சுருதி என்னவென்று கேளுங்கள். "ஒன்றரைக் கட்டை" என்பார். எந்த மரத்துக் கட்டை? இந்தப் பெட்டியில் முதல் வெள்ளைக்கும் இரண்டாவது வெள்ளைக்கும் நடுவே இருக்கிற கறுப்புக் கட்டைதான். எங்கள் பெட்டியில் அது பெயர்ந்து பல காலமாகிறது. அதனால் குடும்பத்தில் தொண்டை ஒத்துழைக்கிறதோ இல்லையோ, எல்லாரும் இரண்டு கட்டையில்தான் பாடுகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் கறுப்புக் கட்டையைத் தன் செலவிலேயே போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.