வண்டிக்குக் குளிருதாம்!

வா மாப்ள, வா. விடியக்காலம் நாலு மணிக்கே சூரியநெல்லி மொத்தமும் எந்திரிச்சு உக்காந்திருச்சு. சேவல் கூவி இல்ல, உன் ஜீப்பு செல்ஃப் அடிச்ச சத்தத்துல. கொழுக்குமலையில சூரியன் உதிக்கிறதைப் பார்க்க உன்கிட்ட அட்வான்ஸ் கொடுத்த கூட்டம், அடுத்த ஜீப்புல ஏறிப் போயி, படம் பிடிச்சு, இறங்கியும் வந்துருச்சு. உன் வண்டி இப்பத்தான் இருமி முடிச்சிருக்கு.

கேட்டா, "டீசல் உறைஞ்சு போச்சு மாமா"ங்கிறே. சரிதான். லடாக்குல உறையும். அதுக்குன்னே 2019 நவம்பர்ல இந்தியன் ஆயில் தனி டீசல் கொண்டு வந்தாங்க, மைனஸ் 33 டிகிரி வரைக்கும் தாங்குமாம். நம்ம மூணாறுல ஜனவரியில பூஜ்யத்தைத் தொடும், செண்டுவாரைப் பக்கம் புல்லு மேல உறைபனி வெள்ளையாப் படியும், அவ்வளவுதான். அதே பங்க்குல டீசல் ஊத்தின அடுத்த வீட்டு ஜீப்பு ஒரே திருப்புல கிளம்பிருச்சே? உன் டீசலுக்கு மட்டும் ஸ்வெட்டர் போட மறந்துட்டியோ?

இந்த வண்டியை எங்கே வாங்கினே? பாலக்காட்டுல, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். அங்கே ஏப்ரல்ல வெயில் 40 டிகிரியைத் தொடும். பல்லு போன கிழவன் கஞ்சியே குடிச்சுக்கிட்டிருந்தா பல்லு போனது யாருக்குத் தெரியும்? முறுக்கைக் கொடுத்தாத்தானே தெரியும். கொழிஞ்சாம்பாறை வெயில் கஞ்சி, சூரியநெல்லிக் குளிர் முறுக்கு. கோளாறு அங்கேயே இருந்துச்சு மாப்ள. இங்கே வந்து பல்லைக் காட்டுது.

டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறி கிடையாது. காத்தை 18, 20 மடங்கு நெருக்கி அமுக்கினா அதுவே 500 டிகிரிக்கு மேல கொதிக்கும், அதுல டீசலைப் பீச்சினா பத்திக்கும். ராத்திரி முழுக்கப் பனியில நின்ன இரும்பு அந்தச் சூட்டைக் குடிச்சிரும். அதுக்குத்தான் ஹீட்டர் பிளக். அது முனை செக்கச்செவேல்னு பழுத்து 800 டிகிரிக்கு மேல போகும். நீயோ சாவியைப் போட்ட கையோட செல்ஃப் அடிக்கிறே. டேஷ்போர்டுல சுருள் மாதிரி ஒரு விளக்கு எரியுதே, அது கல்யாண வீட்டு சீரியல் செட்டுன்னு நினைச்சியா? அது அணையற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு இரு.

அப்புறமும் மக்கர் பண்ணினா வைத்தியம் பாரு, வரிசையா. முதல்ல பேட்டரி. குளிர்ல அதோட தெம்பு மூணுல ஒரு பங்கு வரைக்கும் குறையும். காலையில வண்டியைத் தொடறதுக்கு முந்தி மீட்டரை வை. 12.6 வோல்ட் காட்டினா நிறைஞ்சிருக்கு, 12.2ன்னா பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தா பேட்டரி பாட்டியாயிருச்சுன்னு அர்த்தம். ஆனா அதைத் தூக்கிப் போடறதுக்கு முந்தி டெர்மினல்ல பச்சையும் வெள்ளையுமா பூத்திருக்கே, அதைக் கழட்டி ஆப்பசோடாவும் சுடுதண்ணியும் போட்டுத் தேய். எர்த் வயரையும் முறுக்கு. பாதிப் பேருக்கு வியாதி இதோட தீர்ந்துரும், மெக்கானிக்குக்குத்தான் வருத்தம்.

செல்ஃப் ஜோரா சுத்தியும் பிடிக்கலையா? பின்னால போயி சைலன்சரைப் பாரு. வெள்ளைப் புகை, கண்ணு எரியுதுன்னா எரியாத டீசல் வெளியே வருது. பிளக்குகளைச் சேர்க்கிற பட்டையைக் கழட்டு. டெஸ்ட் லேம்போட ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவ்ல மாட்டி, மறுமுனையால ஒவ்வொரு பிளக் தலையையும் தொடு. விளக்கு எரிஞ்சா உயிர் இருக்கு, எரியலைன்னா காலி. எல்லாம் எரிஞ்சா பிளக்குக்குக் கரண்ட் கொண்டு வர்ற ரிலேயைப் பாரு. ரெண்டு பிளக் செத்திருந்தா நாலையும் மாத்து, கஞ்சத்தனம் பார்க்காதே.

புகையே வரலைன்னா டீசலே போகலை. ஃபில்டர் மேல இருக்கிற கை பம்ப்பை அமுக்கு. முதல்ல தொளதொளன்னு இருந்து, அப்புறம் கெட்டியாகி, உடனே வண்டி பிடிச்சா ராத்திரி ஏர் இழுத்திருக்கு. ஹோஸ்ல வெடிப்பு, கிளிப்ல தளர்ச்சி, வாஷர்ல தேய்மானம் தேடு. ஃபில்டர் அடியில தண்ணி வடிக்கிற திருகையும் திற. இதெல்லாம் சரியா இருந்தும் அடம் பிடிச்சா நாசிலையும் கம்ப்ரஷனையும் சோதிக்கச் சொல்லு, அது உன் கைவேலை இல்ல.

உன் மச்சான் பெட்ரோல் காருக்கு வேற கதை. காலையில குலுங்கினா ஸ்பார்க் பிளக், த்ராட்டில் பாடி அழுக்கு, இன்ஜின் சூட்டைச் சொல்ற சென்சார், இந்த மூணையும் முதல்ல பார்க்கச் சொல்லு. சென்சார் "சூடா இருக்கு"ன்னு பொய் சொன்னா கம்ப்யூட்டரும் நம்பி பெட்ரோலைக் குறைச்சிரும்.

நேத்து நீ பண்ணின புத்திசாலித்தனத்தைச் சொல்லாம விடமாட்டேன். போடிமெட்டு இறங்கி, போடியில உச்சி வெயில்ல மெக்கானிக்கிட்ட வண்டியைக் காட்டினே. இறங்கின சூட்டோட அது சமர்த்துப் பிள்ளையா ஸ்டார்ட் ஆச்சு. "ஒண்ணுமில்ல"ன்னு அவர் காசு வாங்கிட்டார். அவர் மேல என்ன தப்பு? குளிர் வியாதியை வெயில்ல காட்டினா யாரு கண்டுபிடிப்பா? ராத்திரி மேலேயே நிறுத்து, விடியக்காலம் ஆளைக் கூட்டிட்டு வா. ஆறின இன்ஜின்தான் உண்மை பேசும்.

இன்டேக்குல ஈதர் ஸ்ப்ரே அடிக்கலாம்னு எவனாவது சொன்னா கேக்காதே. ஹீட்டர் பிளக் பழுத்து நிக்கிறப்போ அது வெடிக்கும். அடியில தீப்பந்தம் பிடிக்கிறவன் பேச்சையும் கேக்காதே. வண்டி பிடிச்சதும் ஆக்சிலரேட்டரை உறும விட்டு ஊரை எழுப்பாதே. ஆயில் மேலே ஏறட்டும், ஒரு நிமிஷம் பொறுத்து மெதுவா நகர்த்து.

இனிமே வண்டி வாங்கப் போறப்போ, முதல் நாளே சொல்லி வச்சுட்டு விடியக்காலம் போ. கை குலுக்கிறதுக்கு முந்தி பானெட்டைத் தொட்டுப் பாரு. சூடா இருந்துச்சா? விக்கிறவர் உனக்காக முன்னமே எந்திரிச்சு உழைச்சிருக்கார். அவர் கொடுக்கிற டீயைக் குடிச்சுட்டு, நல்லாருங்கன்னு சொல்லிட்டு, பஸ் ஏறி வந்து சேரு.