கிடா வெட்டாமல் பூட் ஆகாது

"பழைய சர்வரா? தூக்கிப் போடாதீங்க சார், லினக்ஸ் போடுங்க" என்று சொல்கிறவர்கள் யாரும் போட்டுக் கொடுக்க வந்ததில்லை.

லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸை இதில் குற்றம் சொல்ல முடியாது. 1991 ஆகஸ்டில் ஹெல்சின்கியில் மாணவராக இருந்தபோது வெளியிட்ட அறிவிப்பிலேயே மனிதர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: இது பொழுதுபோக்குக்குச் செய்தது, ஏ.டி. ஹார்டு டிஸ்க் தவிர வேறெதிலும் ஓடாது போலிருக்கிறது, என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். 'இலவசம்' என்பதற்குப் பிறகு உலகம் எதையும் காதில் வாங்கவில்லை. 1993-ல் பாட்ரிக் வோல்கர்டிங் ஸ்லாக்வேர் என்ற லினக்ஸ் தொகுப்பை வெளியிட்டதும், ஏ வரிசை, என் வரிசை, எக்ஸ் வரிசை என்று ஃப்ளாப்பிகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொண்டு சர்வர் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். சர்வரில் இருந்ததோ ஸ்கஸி டிஸ்க்.

ஸ்கஸி என்பது ஒரே பட்டைக் கேபிளில் டிஸ்க், டேப் டிரைவ், சிடி டிரைவ் எல்லாவற்றையும் வரிசையாகக் கோத்து வைக்கும் ஏற்பாடு. ஆளுக்கு ஒரு நம்பர். கன்ட்ரோலர் வழக்கமாக 7-ஐ எடுத்துக்கொள்ளும். முதல் மரியாதை அந்த நம்பருக்குத்தான். கேபிளின் இரண்டு முனையிலும் டெர்மினேட்டர் மாட்ட வேண்டும். ஒரு முனையில் விட்டுப்போனால் சிக்னல் முட்டித் திரும்பி வந்து அடுத்த சிக்னலைக் கெடுக்கும். நடுவில் இருக்கும் டிஸ்க்கில் யாரோ ஒரு ஜம்பரை எடுக்காமல் விட்டு, மூன்றாவதாக ஒரு டெர்மினேட்டர் முளைத்திருந்தாலும் போச்சு. கொடுமை என்னவென்றால், தப்பாக மாட்டினாலும் கொஞ்ச நேரம் ஒழுங்காகவே ஓடும். கடைசிக்கு முந்தின ஃப்ளாப்பி வரைக்கும் ஓடும். அந்தக் காலத்து யூனிக்ஸ்காரர்கள் இதற்கு ஒரு பரிகாரமே வைத்திருந்தார்கள்: ஸ்கஸி செயினுக்கு அவ்வப்போது ஒரு ஆட்டுக்குட்டியைப் பலி கொடுக்க வேண்டும், இது மந்திரமல்ல, தக்க தொழில்நுட்பக் காரணங்கள் உண்டு. கணினி விஞ்ஞானம் படித்தவர்கள் கிடா வெட்டுக்கு வேண்டிக்கொண்ட சேதி தெரிந்திருந்தால் நம்மூர் அய்யனார் மீசையை இன்னொரு முறுக்கு முறுக்கியிருப்பார்.

டிஸ்க் கிடைத்துவிட்டதா? அடுத்து லிலோ. இந்த பூட் லோடர் ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் தன் பெயரில் ஓர் எழுத்தைத் திரையில் போடும். நாலும் வந்தால் பிழைத்தோம். 'எல்' மட்டும் வந்து நின்றால், இரண்டாம் கட்டத்தைப் படிக்க முடியவில்லை. 'எல்ஐ' என்று நின்றால், படித்தாயிற்று, ஓட்ட முடியவில்லை. கறுப்புத் திரையில் அந்த இரண்டு எழுத்துதான். வேறு விளக்கம் கிடையாது, மன்னிப்பும் கிடையாது. பெரும்பாலும் டிஸ்க்கின் சிலிண்டர் கணக்கு பயாஸிடம் ஒன்றாகவும் லினக்ஸிடம் வேறாகவும் இருக்கும்.

பழைய பயாஸுக்கு 1024 சிலிண்டருக்கு அப்பால் கண் தெரியாது. அது 528 எம்.பி.யில் முடியுமா, 8.4 ஜி.பி.யில் முடியுமா என்பது அதன் வயதைப் பொறுத்தது. முதல் இன்ஸ்டாலில் கெர்னல் தற்செயலாக எல்லைக்குள் விழுந்திருக்கும். ஆறு மாதம் கழித்துப் புதுக் கெர்னல் போடும்போது அந்த ஃபைல் எல்லைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். அத்தோடு சரி. இதற்காகத்தான் டிஸ்க்கின் தலைமாட்டில் பூட்டுக்கென்று தனிப் பார்ட்டிஷன் போட ஆரம்பித்தார்கள். அந்த பயாஸ்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போன பிறகும் அதைப் போட்டுக்கொண்டிருக்கிறவர்கள் உண்டு. காரணம் கேட்டால் முறைப்பார்கள்.

பழசை லினக்ஸே கைகழுவுவதும் உண்டு. 2012 டிசம்பரில் கெர்னல் டெவலப்பர் இங்கோ மோல்நார் 386 சிப்புக்கான ஆதரவையே கெர்னலிலிருந்து எடுக்கும் பேட்சை அனுப்பினார். 1991-ல் எந்த 386 டிஎக்ஸ்-33-ல் லினக்ஸ் பிறந்ததோ, அதில் இனி புதுக் கெர்னல் பூட் ஆகாது என்றும் அதிலேயே எழுதியிருந்தார். தமிழ் சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு அம்மா பாட்டு வந்திருக்கும். டோர்வால்ட்ஸ், தனக்கு சென்டிமெண்ட் எல்லாம் இல்லை, தொலைந்தது நல்லது என்று சேர்த்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

2019-ல் ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 வந்தது. பெர்க் 6/ஐ ரெய்டு கார்டு போட்ட டெல் ஆர்710 சர்வரில் அதை இன்ஸ்டால் செய்தால் டிஸ்க்கே இல்லை என்றது. டிஸ்க் சுற்றிக்கொண்டிருக்கிறது, பச்சை விளக்கு எரிகிறது, பொதுக் கெர்னலில் அதற்கான டிரைவரும் பத்திரமாக இருக்கிறது. ரெட் ஹாட் தன் டிரைவரில் அந்தக் கார்டின் பிசிஐ நம்பரை மட்டும் அடித்துவிட்டிருந்தது. ரேஷன் கார்டில் உயிரோடிருப்பவர் பெயரை நீக்குவது மாதிரி. ஈஎல்ரெப்போ என்ற தன்னார்வக் குழுவின் ஆட்கள் அந்த நம்பரைத் திரும்பச் சேர்த்த டிரைவர் டிஸ்க்கைத் தயாரித்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். பென் டிரைவில் அதை ஏற்றி, 'ஓஈஎம்டிஆர்வி' என்று லேபிள் வைத்துச் செருகினால் இன்ஸ்டாலர் தானே எடுத்துக்கொள்ளும்.

அதற்கும் டிஸ்க் தெரியவில்லை என்றால், "டெர்மினேட்டரைப் பாரு தம்பி" என்று சொல்ல ஒரு சீனியர் எல்லா ஆபீஸிலும் உண்டு. பெர்க் 6/ஐ எஸ்ஏஎஸ் கார்டு. அதற்கு டெர்மினேட்டரே கிடையாது.