‘காட்’: ஒரு பிடிவாத ஆய்வு

ஆங்கிலத்தில் பிடிபடுவதைச் சொல்லப் பல சொற்கள் உண்டு. இக்கட்டுரை ‘கேட்ச்’சின் இறந்தகாலமான ‘காட்’டை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதற்கான காரணம் எங்கள் வீட்டுச் சமையலறையில், இரவு பதினொன்றரைக்கு நிகழ்ந்தது. அது பின்னால் வரும்.

முதலில் குலம் கோத்திரம். ‘கேட்ச்’சும் துரத்தலைக் குறிக்கும் ‘சேஸ்’சும் ஒரே லத்தீன் வயிற்றில் பிறந்தவை. வடக்குப் பிரான்சின் பேச்சு வழியாக ஒன்று வந்தது, பாரிஸ் பக்கமிருந்து மற்றது. இடைக்கால இங்கிலாந்தில் கடன்பட்டவர்களைப் பிடித்துப்போகும் சேவகனுக்குக் ‘கேட்ச்போல்’ என்று பெயர். நேர்ப்பொருள் கோழி துரத்துபவன். காசு பெயராத வீட்டில் கோழியையாவது தூக்கிப் போயிருப்பார்கள்.

இனி ஒலியியல். தென் இங்கிலாந்துக்காரர் வாயில் ‘காட்’டும் ‘கோர்ட்’டும் ஒன்றேதான், ரகரத்தை விழுங்கிவிடுவார்கள். ஆக, பிடிபட்டவன் அங்கே அந்தச் சொல்லிலேயே நீதிமன்றத்தில் நிற்கிறான். அமெரிக்காவின் மேற்கே பலர் அதையே கட்டிலைக் குறிக்கும் சொல்போல ஒலிக்கிறார்கள். அங்கே பிடிபட்டவனுக்குப் படுக்கை கிடைக்கிறது. அந்தக் கட்டில் சொல் ஆங்கிலத்துக்கு இந்தியிலிருந்து போனது. அதன் வேரைத் தேடிப் போனால் நம் ‘கட்டில்’ வரை வரலாம் என்று கருதும் மொழியறிஞர்கள் உண்டு. அவர்களை மறுக்க இக்கட்டுரையாளனுக்கு மனம் வரவில்லை.

ஆனால் முக்கியமான சிக்கல், யார் யாரைப் பிடிப்பது என்பதுதான். ஆங்கிலேயன் சளியைப் பிடிக்கிறான். நம்மைச் சளி பிடிக்கிறது. அவன் வீடு தீயைப் பிடிக்கிறது. நம் வீட்டில் தீ பிடிக்கிறது. திருட்டில் மட்டும் நிலைமை தலைகீழ். அவன் யாராலோ பிடிக்கப்படுகிறான். நாம் ‘மாட்டிக்கொள்கிறோம்’. அந்தக் ‘கொள்’ளில் பழி முழுவதும் நம் தலையில்.

களப்பணிக்கு வருவோம். சர்க்கரை நோயாளியான நான் பரணில் இருந்த எவர்சில்வர் டப்பாவை, மூடி சத்தம் போடாமல் இருக்கத் துண்டைச் சுற்றித் திறந்தேன். மைசூர்பாகு ஒரு வில்லை வாய்க்கு நாலு விரற்கடை தூரத்தில் இருந்தபோது விளக்கு எரிந்தது.

“என்னங்க பண்றீங்க அங்க?”

ஆங்கிலத்தில் இதற்கு ‘ரெட் ஹேண்டட்’ என்பார்கள். ஸ்காட்லாந்துச் சட்டத்திலிருந்து வந்தது; சிவப்பு என்பது கையிலிருக்கும் ரத்தம். என் கையில் நெய்தான். கிரிக்கெட்டின் 33-ஆவது விதிப்படி பந்து தரையைத் தொடும் முன் பிடித்தால்தான் அவுட். வில்லையும் வாயைத் தொடவில்லை. எனவே இது முறையான கேட்ச் என்று நடுவர் அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். பிடித்தவரும் அவரே.

டப்பா இப்போது பீரோவுக்குள் இருக்கிறது.