மூன்று கிலோ வீரருக்கு ஒரு வாழ்த்து

மாதத்தில் பாதி நாளை ரயிலிலும் விமானத்திலும் கழிக்கிற ஆடிட்டர் நண்பர் ஒருவர் 17 அங்குலத் திரை வைத்த கேமிங் லேப்டாப் வாங்கியிருக்கிறார். கடையில் மேசைமேல் வைத்துக் காட்டியபோதே பிடித்துப்போயிற்றாம். பிடிக்காமல் என்ன செய்யும்? மேசைமேல் இருக்கும்வரை அதைப்போல லேசான லேப்டாப் உலகத்தில் கிடையாது. எடையைக் கேட்டீர்களா என்றேன். "எடை பார்த்து வாங்க இதென்ன கத்திரிக்காயா?" என்று ஒரே போடாகப் போட்டார்.

மூன்று கிலோவுக்குச் சற்று மேலே. ஆனால் நியாயமாகப் பார்த்தால் பெருமை அடாப்டருக்குத்தான் சேரவேண்டும். 330 வாட், அது மட்டும் ஒரு கிலோவைத் தொடுகிறது. விமானத்தில் கைப்பைக்கு 7 கிலோ என்கிறார்கள். இந்த இரண்டும் போக, பையின் சொந்த எடையும் போக, மிச்ச இடத்தில் இரண்டு சட்டை வைக்கலாம். பற்றறுக்கச் சொல்லித்தர எந்த ஆசிரமமும் இவ்வளவு வேகமாக வேலை செய்யாது.

பேட்டரியும் சாமானியமானதல்ல, 99 வாட்-மணி. 100-ஐத் தாண்டினால் விமானத்தில் ஏற்ற முன்அனுமதி வாங்கவேண்டும் என்பதால், எத்தனை பெரிய லேப்டாப்பானாலும் கம்பெனிகள் அந்தக் கோட்டுக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. ஒன்றேகால் கிலோ லேப்டாப்புகள் இதில் பாதி பேட்டரியை வைத்துக்கொண்டு நாள் முழுக்க இழுத்துப் பறித்து ஓட்டுகின்றன. கைபேசியின் டைப்-சி சார்ஜரிடம்கூடக் கை நீட்டுகின்றன. மானம் கெட்ட பிழைப்பு! நண்பருடையது கொடுத்துச் சிவந்த கை. வேலையில் இறங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்தில் உள்ளதையெல்லாம் வாரி வழங்கிவிடும்.

1981-இல் ஆஸ்போர்ன் 1 என்று ஒரு கணினி வந்தது. கையோடு தூக்கிப் போகலாம் என்று விற்றார்கள். எடை 11 கிலோ. பேட்டரியே கிடையாது, பிளக் உள்ள இடத்தில்தான் உயிர் வரும். அந்த மரபு அறுந்துபோகாமல் காப்பாற்றுகிற சிலரில் நம் நண்பரும் ஒருவர்.

விமானத்தில் முன்சீட்டுக்காரர் சாய்ந்தால் திரை பாதிக்குமேல் திறக்காது. கட்சிக்காரரின் கணக்கு பக்கத்து சீட்டுக்குத் தெரியவே தெரியாது, நண்பருக்கும் தெரியாது. அப்படி ஒரு ரகசியக் காப்பு! ரயிலில் பிளக் பாயிண்ட் லொடலொடவென்று ஆடும். ஒரு கையால் பிளக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுகையால் தட்டுவார். அதுவும் இரவு 11 மணிவரைதான். அதற்குமேல் விடிகாலை 5 வரை பிளக்கில் மின்சாரத்தை நிறுத்தவேண்டும் என்பது 2021-இல் ரயில்வே எடுத்த முடிவு. பயணிகளின் பாதுகாப்பில் ரயில்வேக்கு இருக்கும் அக்கறையைவிட நண்பரின் அக்கறை பெரிது. பேட்டரி மிச்சமிருக்கும்வரை விசைப்பலகையின் வானவில் விளக்கு பெட்டி முழுக்க அடிக்கும், ஃபேன் இரைச்சல் வேறு. எதிர் பெர்த் பெரியவர் விழுப்புரம் வந்துவிட்டதென்று எழுந்து செருப்பைத் தேடுகிறார்.

இத்தனை வேகமான லேப்டாப்பில் அவர் பார்ப்பது எக்ஸெல். பயணத்தில் வருகிற மெயிலுக்கெல்லாம் கைபேசியிலேயே பதில் போட்டுவிடுகிறார். சில்லறை வேலைக்கெல்லாம் அதைப் பையிலிருந்து எழுப்பக் கூடாதாம்.