ஆறுக்கு முந்தி ஏழு வரும்

வாரும் மருமகனே, மூஞ்சி ஏன் இப்படிச் செவந்து கெடக்கு? வண்டிப்பாதையில மேலக்காட்டுக்காரன் சுவரு எழுப்பிட்டானா? நானும் போய்ப் பாத்தேன். பூச்சுகூட வழுவழுன்னு இருக்கு. சர்க்கார் நிலத்துல இம்புட்டு அக்கறையா வேலை செய்ய எந்தக் காண்ட்ராக்டர் கிடைப்பான், சொல்லும்!

மனுதானே, தாராளமாக் கொடும். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசுல குறைதீர்க்கும் கூட்டம். சலவை வேட்டி கட்டிட்டுப் போய்ட்டு வாரும். மனு அங்க இருந்து தாசில்தாருக்கு வரும். தாசில்தார் ஆர்.ஐ.க்கு அனுப்புவாரு, ஆர்.ஐ. நம்ம வி.ஏ.ஓ.வுக்கு. சுவரு எழும்புறப்போ அந்தப் பக்கமா தினம் பைக்குல போனாரே, அதே வி.ஏ.ஓ.தான். 1100-க்குப் போன் போட்டாலும் சுத்தி இங்கதான் வரும். பஸ் காசு மிச்சம், அவ்வளவுதான்.

பொறவு நோட்டீஸ். வெள்ளக்காரன் 1905-ல போட்ட ஆக்கிரமிப்புச் சட்டம் இன்னும் ஓடுது. மொதல்ல ஏழாம் பிரிவுல ஒண்ணு வரும்: 'உன்னை ஏன் காலி பண்ணக் கூடாது, காரணம் சொல்லு'ன்னு. அதுக்கு அவன் பதில் சொன்ன பொறவுதான் ஆறாம் பிரிவுல 'காலி பண்ணு'ன்னு வரும். நான் படிச்ச பள்ளிக்கூடத்துல எண்ணிக்கை வேற மாதிரி. அந்த ஆறையும் வாங்கிக்கிட்டு அவன் அப்பீலுக்குப் போவான்.

இதைவிட ருசி பி-மெமோ. புறம்போக்குல உக்காந்தவனுக்குப் போடுற தண்டம் அது. அவனோ ரசீதை லேமினேட் பண்ணி, 'நான் சர்க்காருக்கே பணம் கட்டுறவன்'னு டீக்கடையில காட்டுவான். நாலஞ்சு ரசீது சேந்துட்டா பத்திரமே கையில இருக்கிற மாதிரி நடப்பான். பட்டா வச்சிருக்கிற நீரு வாயைப் பொளந்து பாக்கணும்.

பட்டணத்துல இன்னும் சிறப்பு. 1999 பிப்ரவரிக்குள்ள மீறிக் கட்டினவங்க பணத்தைக் கட்டி வரன்முறை பண்ணிக்கிடலாம்னாங்க. 2017-ல திரும்பவும் ஒரு திட்டம், 2007 ஜூலை 1-க்கு முந்திக் கட்டினவங்களுக்கு. பிளான் வாங்கி ஒழுங்காக் கட்டினவனுக்கு ஒரு கடுதாசிகூட வரலை.

சரி, கோவிச்சுக்காதேயும். மனுவில 'அக்கிரமம், அராஜகம்'னு ரெண்டு பக்கம் எழுதாதேயும். சர்வே நம்பரு, உட்பிரிவு, எத்தனை அடி உள்ள வந்திருக்கான், அது போதும். புலப்பட நகலும் அ-பதிவேடு நகலும் வாங்கிச் சேரும். அதுல 'வண்டிப்பாதை'ன்னு இருந்தாத்தான் உம்ம பேச்சு எடுபடும். சீக்கிரமும் போகணும். கூரை ஏறி, கரண்டு இழுத்து, பால் காய்ச்சிட்டான்னா பாக்கிறவன் எல்லாருக்கும் இரக்கம் வந்துரும். மனு ரசீதைத் தொலைக்காதேயும். ஒரு மாசத்துக்கு அசைவில்லையா, பத்து ரூபா கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்துல 'என் மனு இன்ன தேதி யார் மேசையில இருந்துச்சு, அவரு என்ன செஞ்சாரு'ன்னு கேளும். 30 நாளைக்குள்ள பதில் எழுதியாகணும். ஊருக்கெல்லாம் பயப்படாதவன்கூட தன் பேரு காயிதத்துல ஏறுதுன்னா பயப்படுவான்.

எல்லாஞ் சரி மருமகனே, சர்வேயரு வந்தா சங்கிலி ஒரு பக்கம் மட்டும் ஓடாதே. உம்ம மாட்டுக்கொட்டகைத் தூணு ரெண்டும் போன பொங்கலுக்கு எங்க நின்னுச்சு, இப்போ எங்க நிக்குது? மனுவை மடிச்சுச் சட்டைப்பையில வச்சுட்டு, மொதல்ல கடப்பாரையைத் தேடும். பிடுங்குற தூணை வீசிராதேயும். எங்கிட்டத் தாரும், கோழிக்கூண்டுக்கு ஆகும். அந்தக் கூண்டு யாரு எடத்துல இருக்குன்னு மட்டும் கேக்கப்படாது.