மஞ்சள் விளக்கும் பெட்ரோல் ஆவியும்: வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை முன்வைத்து ஓர் ஆய்வு

காரின் மீட்டர் பலகையில் மஞ்சளாக எரியும் இன்ஜின் விளக்கைப் பற்றி புதுச்சேரியின் இவ்விரு கொம்யூன்களிலும் மூன்று மதங்கள் நிலவுகின்றன. பேட்டரிவாதிகள், மைனஸ் டெர்மினலைக் கழற்றிக் கொஞ்ச நேரம் கழித்து மாட்டினால் விளக்கு அணைந்துவிடும், அணைந்தபின் நோய் ஏது என்பார்கள். மூடிவாதிகள், டேங்க் மூடியை 'டிக்' என்னும்வரை முறுக்காத பாவமே அனைத்திற்கும் காரணம் என்பார்கள். ஸ்டிக்கர்வாதிகளுக்கு விளக்கே மாயை. அதன்மேல் ஒரு கறுப்பு டேப் போதும். பாகூர் இத்தகைய வாதங்களுக்குப் புதிய ஊர் அல்ல. 9ஆம் நூற்றாண்டிலேயே நிருபதுங்கவர்மன் என்ற மன்னன் காலத்தில் இங்கிருந்த வித்தியாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் தானமாகப் போனதைச் செப்பேடு சொல்கிறது. சைவ சாத்திர முறைப்படி முதலில் பரபக்கம் பேசிப் பிறர் கொள்கையை மறுத்துவிட்டு, பிறகு சுபக்கத்துக்கு வருவோம்.

அதற்குமுன் பொருள் இன்னதென்று சொல்லிவிட வேண்டும். பெட்ரோல் கார் நிற்கும்போதும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கண்ணெரிச்சல் மூட்டத்துக்கு இந்த ஆவியும் வண்டிப்புகையும் வெயிலில் கலப்பதே காரணம் என்று 1950களில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் காட்டினார். 1970 முதல் கலிஃபோர்னியாவில் ஆவியைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு கட்டாயமானது. டேங்கிலிருந்து ஒரு ஓஸ் கரி டப்பாவுக்குப் போகும்; மெக்கானிக் அதைக் கேனிஸ்டர் என்பார். உள்ளே இருக்கும் செயலூட்டிய கரி ஒரு கிராமை விரித்தால் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு தேறும். நம் நிலப் பதிவேட்டில் இன்னும் வாழும் பிரெஞ்சுக் கணக்கில் பத்து ஆர். (கொட்டாங்குச்சிக் கரியா என்று காங்கேயத்துக்காரர் நிமிர வேண்டாம், இதில் பெரும்பாலும் மரக்கரிதான்.) இன்ஜின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறக்கும், கரி பிடித்துவைத்த ஆவியை இன்ஜின் உறிஞ்சி எரித்துவிடும். இதில் கோளாறு என்றாலும் அந்த மஞ்சள் விளக்குதான் எரியும்.

இனி மூடிவாதிகள். செல்போன் ஆப்பில் பி 0442 என்றால் சிறு கசிவு, 0455 என்றால் பெரிய கசிவு, 0457 என்றால் மூடி சரியில்லை என்று படித்துவிட்டு வருகிறவர்கள் இவர்கள். அவை அமெரிக்கச் சட்டத்தின் செல்லப் பிள்ளைகள். அங்கே 1996இல் ஒரு மில்லிமீட்டர் ஓட்டையையும், 2000த்திலிருந்து அரை மில்லிமீட்டர் ஓட்டையையும் காரே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்று விதி வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் இங்கு நடப்பிலுள்ள பிஎஸ்-6 புகை விதி ஐரோப்பிய வழியைப் பின்பற்றுவது. பர்ஜ் வால்வுக்குப் போகும் மின்சுற்று அறுபடாமல் இருக்கிறதா என்று பார்ப்பதே அதில் குறைந்தபட்சக் கட்டாயம். கூடுதலாகப் பார்ப்பது கம்பெனியின் தயவு. ஆகவே மூடியை பங்கிலேயே மறந்து வைத்துவிட்டு வந்தாலும் நம்மூர்க் கார் பெரும்பாலும் வாய் திறக்காது. அது சொல்வதெல்லாம் 0443, 0444 வகை: "வால்வுக்குப் போற ஒயர்ல ஏதோ தகராறு." மூடிவாதம் இத்துடன் வீழ்ந்தது. பேட்டரிவாதம் சில நாளில் விளக்கு மறுபடி எரியும்போது தானே வீழும். ஸ்டிக்கர்வாதத்தை வீழ்த்த முடியவில்லை.

ஒயர் ஏன் கெடுகிறது? வயலோர வீட்டில் அறுவடை முடிந்ததும் எலி பானெட்டுக்குள் குடிபுகும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணை வெள்ளம் பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் வந்ததே, அப்போது நனைந்த வண்டிகளின் கனெக்டரைப் பிடுங்கிப் பார்த்தால் பின்னில் பச்சை பூத்திருக்கும்.

ஆனால் இவ்வட்டாரத்துக்கே உரிய கோளாறு வேறு. சுபக்கம் இங்கே தொடங்குகிறது. புதுச்சேரி எங்கே முடிகிறது, தமிழ்நாடு எங்கே தொடங்குகிறது என்பது இங்கே பங்கின் விலைப்பலகையைப் பார்த்தால்தான் விளங்கும். புதுச்சேரிப் பக்கம் வாட் குறைவென்பதால் லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். முள்ளோடை தாண்டுவதற்குள் கடலூர்க்காரரும், மதகடிப்பட்டு தாண்டுவதற்குள் விழுப்புரத்துக்காரரும் டேங்கை நிரப்பியாக வேண்டும். நாசில் 'டக்' என்று தானாக நின்ற பிறகுதான் உரையாடலே ஆரம்பம்:

"இன்னாப்பா, நிறுத்திட்ட?"

"ஃபுல்லு சார்."

"கழுத்து வரைக்கும் அடி. ரவுண்டா போடு."

மிச்சமான அந்தப் பத்து ரூபாய், ஆவி போக வேண்டிய ஓஸில் பெட்ரோலாகவே போய்க் கரியை நனைக்கிறது. நனைந்த கரி ஆவியைப் பிடிக்காது. வால்வும் மூடாமல் சிக்கியிருந்தால் பங்கை விட்டுக் கிளம்பும்போதே இன்ஜின் திணறும், மூன்று நான்கு செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கும். "தண்ணி கலந்துட்டான்யா" என்று தீர்ப்பு வரும். தண்ணீர் கலந்திருந்தால் எல்லா நேரமும் திணற வேண்டும். பெட்ரோல் போட்டவுடன் மட்டும் திணறினால் சந்தேகம் வால்வின் மேல்தான்.

வில்லியனூர்ச் சாலையோர ஷெட்டுகளில் இதற்கான பரிசோதனையைக் கண்ணால் பார்க்கலாம். இன்ஜின் ஐட்லிங்கில் இருக்க, மெக்கானிக் வால்வின் கனெக்டரைப் பிடுங்குவார்; கேனிஸ்டர் பக்கத்து ஓஸைக் கழற்றி, வால்வின் வாயில் விரலை வைப்பார். கரண்ட் இல்லாதபோது வால்வு மூடியிருக்க வேண்டும். விரலை இழுத்தால் வால்வு போச்சு. இழுக்காவிட்டால் மல்டிமீட்டரை எடுத்துக் காயிலைப் பார்ப்பார். "ஓம் காட்டலன்னா காயிலு அவுட்டு, காட்டிச்சின்னா ஒயர தேடு. அவ்ளோதாண்ணே." சாம்பிராணிப் புகை போட்டு ஓஸில் கசிவு பார்க்கலாமா என்று அருகிலிருந்த ஒரு பெரியவர் கேட்டார். பெட்ரோல் டேங்க் அருகே தணல் கொண்டுவருவது ஆய்வு நெறிக்குப் புறம்பானது.

எஞ்சியது பூச்சியியல். 2011இல் மஸ்டா கம்பெனி அமெரிக்காவில் மஸ்டா-6 கார்களைத் திரும்ப அழைத்தது, கரி டப்பாவின் காற்றுக் குழாயில் சிலந்தி கூடு கட்டியதற்காக. 2014இல் அதே சிலந்திக்காக மேலும் 42,000 கார்கள் வந்தன. நம் பக்கம் அந்தப் பதவி குளவிக்கு. நெடுநாள் ஷெட்டில் கிடந்த காரின் குழாயில் அது மண் வைத்து அடைத்துவிட்டால் டேங்கிலிருந்து காற்று வெளியேறாது. இரண்டு லிட்டருக்கு ஒருமுறை நாசில் தானே நின்றுகொள்ளும், பங்க் பையன் மெஷினைத் தட்டுவான். மருந்து, துடைப்பத்திலிருந்து உருவிய ஓர் ஈர்க்குச்சி. ஈர்க்குச்சிக்குப் பில் போடும் வழக்கம் இவ்வட்டாரத்தில் இல்லை. ஸ்கேனர் மாட்டியதற்குத் தனியாகத் தர வேண்டும்.