பட்டா யார் பெயரில்?

தஞ்சாவூர்ப் பக்கத்து அரிசி ஆலைகளில் நெல்லின் ஈரப்பதத்தை அறிய இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று, அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 17 விழுக்காடு என்னும் வரம்பைக் காவல் காக்கும் மின்கருவி. மற்றொன்று, ஆலை முதலாளியின் கடைவாய்ப் பல். மூட்டையில் குத்தூசியைச் செருகி எடுத்த நான்கு நெல்லைக் கடித்த மாத்திரத்திலேயே, அது களத்தில் காய்ந்ததா, காய்ந்ததாகச் சொல்லப்பட்டதா என்று தீர்ப்பளித்துவிடும் அந்தப் பல், ஆலைக்கு ஓர் இணையதளம் அமைக்க ஆள் தேடும் நாளில் மட்டும் ஏனோ வேலை செய்வதில்லை என்பது, டெல்டா வணிக வாழ்வில் ஆய்வுக்குரிய புதிர்களுள் ஒன்று.

இணையதள வடிவமைப்பாளர் எனப்படுபவர் பக்கத்தின் தோற்றத்தை வரைபவர்; அதை நிரலாக எழுதுபவர் வேறு; எழுதியதை இரவும் பகலும் இயங்கும் கணினியில் ஏற்றிப் பராமரிப்பவர் வேறு. ஆனால் டெல்டாவின் ஊர்களில் பெரும்பாலும் இம்மூவரும் ஒருவரே. பல சமயங்களில் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு ஃபிளெக்ஸ் அடிப்பவரும் அவரேதான். தொழில் கலப்பதில் குற்றமில்லை, இலக்கணம் கலப்பதுதான் இடர். குலதெய்வம் முதல் கைக்குழந்தை வரை நாற்பது முகங்களை ஒரே சட்டகத்தில் அடக்குவது ஃபிளெக்ஸின் இலக்கணம் என்பதால், அவர் அமைக்கும் முதற்பக்கத்தில் தாத்தாவும் அப்பாவும் முதலாளியும் வரிசையாகக் கைகூப்பி நிற்க, அரிசிக்கு இடமில்லாமல் போய்விடுகிறது.

இவருக்குப் போட்டியாளர், பொறியியல் படிக்கும் அக்கா மகன். "மாமா, ஒரே வாரத்துல முடிச்சுடலாம்" என்று அவர் சொல்வதில் பொய் ஏதும் இல்லை. எந்த வாரம் என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை. உறவுக்குள் கணக்குப் பார்க்கலாகாது என்பதால் கூலி பேசப்படுவதில்லை. கூலி பேசாததால் வேலை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்கவும் வாய் வருவதில்லை. இவ்வாறு குறுவையில் தொடங்கிய தளம் தாளடி அறுப்பையும் கடந்து, 'விரைவில்' என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுகொண்டிருக்கும்.

இருவரில் யாரைப் பிடித்தாலும் முன்னால் வந்து நிற்பது டெம்ப்ளேட், அதாவது எவரோ முன்பே செய்துவைத்து, ஆயிரம் பேருக்கு விற்ற வார்ப்பு. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகத்தை ஊற்றி, பின் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை வெளியே எடுப்பார்கள் என்பதால், ஒரு சிலைபோல் மற்றொன்று அமைவதில்லை. அரிசி ஆலைக்கு அத்தனை தவம் தேவையில்லை; டெம்ப்ளேட்டே போதும், செலவும் குறைவு. ஆனால் வார்ப்போடு வந்த பழைய சரக்கை வெளியேற்றியிருக்க வேண்டும். லோரம் இப்சம் என்று தொடங்கும், இடத்தை நிரப்ப மட்டும் வைக்கப்படும் மாதிரி வாசகம், ரோமானியப் பேச்சாளர் சிசெரோ கி.மு. 45இல் எழுதிய மெய்யியல் நூலின் வரிகளைச் சிதைத்து உண்டாக்கியது. சீரகச் சம்பா விற்கும் ஆலையின் 'எங்கள் வரலாறு' பக்கத்தில் சிசெரோ அமர்ந்திருப்பதும், அவருக்கு மேலே பொன்னிறத்தில் கோதுமை வயல் அசைவதும், ஆலை முதலாளி அதைக் கண்டு "வயல் நல்லா இருக்கு" என்று மெச்சுவதும் அரிதான காட்சிகள் அல்ல.

எழுத்துருவையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒருங்குறி எனப்படும், எல்லாக் கணினிகளும் தமிழைத் தமிழாகவே அறியும் குறியாக்கம், 1991இல் வந்த தன் முதல் பதிப்பிலிருந்தே தமிழுக்கு இடம் கொடுத்திருக்கிறது. எனினும் கல்யாணப் பத்திரிகைக்காக ஒருங்குறி அல்லாத எழுத்துருவான பாமினியில் அடித்த பழக்கத்தில் சிலர் அதையே தளத்திலும் ஒட்டிவிட, அரிசி ரகங்களின் பெயர்களெல்லாம் ஆங்கில எழுத்துக்களின் தவிட்டுக் குவியலாகத் தெரியும். கும்பகோணத்திலிருந்து மன்னார்குடிக்குப் போகும் பேருந்தில் நின்றபடி, கண்ணாடி விரிந்த பழைய கைபேசியில் தளத்தைத் திறந்து பார்ப்பதே இதற்குச் சரியான சோதனை; வடிவமைப்பாளரின் குளிரூட்டிய அறையிலுள்ள பெரிய திரையில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

இவையெல்லாம் பிறகு திருத்திக்கொள்ளக்கூடியவை. திருத்த முடியாதது முகவரிப் பெயர். டொமைன் என்று சொல்லப்படும் இதை எவரும் சாசனமாக வாங்குவதில்லை. டாட் காம் பெயரை ஒரு தவணையில் அதிகம் போனால் பத்து ஆண்டுகளுக்குத்தான் பதிவு செய்யலாம் என்பதால், உண்மையில் இது குத்தகையே. ஒரு மா நிலம், அதாவது ஏறத்தாழ 33 சென்ட், வாங்குவதற்கு முப்பது ஆண்டு வில்லங்கம் போட்டு, பட்டா, சிட்டா, அடங்கல் பார்த்து, நான்கு எல்லையையும் நடந்து பார்க்கும் மனிதர், தம் ஆலையின் பெயரை மட்டும் வடிவமைப்பாளரின் பெயரில், அவருடைய மின்னஞ்சலில், அவருக்கு மட்டுமே தெரிந்த கடவுச்சொல்லில் பதிய விட்டுவிடுகிறார். பத்திர எழுத்தர் கிரயப் பத்திரத்தில் தம் பெயரையே எழுதிக்கொண்டால் ஊர் கூடிவிடும். இங்கே காபி வாங்கிக் கொடுத்து அனுப்புகிறார்கள். பின்னர் வடிவமைப்பாளர் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட, புதுப்பிக்கச் சொல்லும் கடிதங்கள் அவரோடு அங்கே போய்ச் சேர, தவணை முடிந்து, கூடுதல் கட்டணம் செலுத்தி மீட்கும் முப்பது நாள் அவகாசமும் கடந்தபின், அந்தப் பெயரை உலகில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே முன்பணம் கொடுக்குமுன் பேச வேண்டியது வண்ணத்தைப் பற்றியன்று. பதிவு எவர் பெயரில், கடவுச்சொல் எவர் கையில், ஆண்டுதோறும் எவ்வளவு என்பவற்றைப் பற்றி, எழுத்தில்.

கூகுளில் முதலிடம் பிடித்துத் தருவதாகச் சொல்பவரைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. அந்த உறுதியை எவராலும் தர இயலாது என்று கூகுள் நிறுவனமே சொல்கிறது. வைத்தீஸ்வரன்கோயில் நாடி சோதிடர்கூட ஓலை கிடைக்காமல் போகலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்.

ஆளை எடைபோட, அவர் முன்பு செய்த நான்கு தளங்களின் 'தொடர்புக்கு' பக்கத்தைத் திறந்து, அங்குள்ள எண்ணுக்குப் பேசிப் பார்ப்பதே நல்லது. முகவரியைத் தெளிவாகச் சொல்வதற்கு முன்மாதிரி தொலைவில் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்த ஆடல் மகளிரான நானூறு தளிச்சேரிப் பெண்டுகளையும், எந்தத் தளிச்சேரி, எந்தச் சிறகு, அதாவது தெருவின் எந்த வரிசை, எத்தனையாவது வீடு, பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று ஒவ்வொருவராகச் சுவரில் வெட்டி வைத்தது இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. தலைக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்ற கணக்கும் அதிலேயே உண்டு. ஆயிரம் ஆண்டு கழித்து அதே ஊரில் எழும் தளமோ, ஆலை எந்தச் சாலையில் இருக்கிறது என்பதைச் சொல்லாமல், எவரும் திறவாத அஞ்சற்பெட்டிக்குப் போகும் படிவம் ஒன்றை நீட்டுகிறது. குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சனின் பெயர் பெரிய கோயில் கல்வெட்டில் இருப்பதுபோல், இந்தத் தளத்தின் அடியிலும் வடிவமைத்தவரின் பெயர் இருக்கிறது. அழுத்தினால் உடனே திறப்பது அது ஒன்றுதான்.